பத்தாவது இடத்தில் இரண்டு பேர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையின் டைம் ஆபீஸில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வருகைப் பதிவு, ஓ.டி. கணக்கு, பி.எஃப். ஃபாரம், கேன்டீன் டோக்கன் என்று என் மேசைக்கு வராத காகிதம் கிடையாது. ஜூன் மாதம் மட்டும் இவற்றுக்கு மேல் இன்னொரு கட்டு வந்து உட்காரும். கல்வி உதவித்தொகை விண்ணப்பங்கள்.

பிளஸ் டூ முடித்த 10 பிள்ளைகளுக்கு முதல் வருடக் கல்லூரிக் கட்டணத்தை ஆலை கட்டுகிறது. எங்கள் தொழிலாளர்களின் பிள்ளைகள், கான்ட்ராக்ட் ஆட்களின் பிள்ளைகள், சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள் என்று யாரும் விண்ணப்பிக்கலாம். போன வருடம் வந்தவை 340. பிளஸ் டூ மொத்த மார்க்கில் முதல் 10 பேரைப் பிரித்து மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மேசையில் எனக்கு முன்பு இருந்த பெரியவர். எளாவூர்க்காரர். தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார்; ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர்களில் அது சகஜம். முதல் வருடம் நான் அத்தனை விண்ணப்பங்களையும் தரையில் பரப்பி, மார்க் வரிசையில் அடுக்க உட்கார்ந்தேன். அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “எதுக்கும்மா இத்தனையும் அடுக்கறே? அவங்க கேட்டது பத்து. 200-வது ஆளுக்கும் 201-வது ஆளுக்கும் நடுவுல யாரு பெரியவன்னு பார்த்து நமக்கு என்ன ஆவப்போவுது?”

அவர் முறை இதுதான். ஃபாரத்தைத் தொடவே கூடாது. வந்த வரிசையிலேயே, வரிசை எண் போட்டு, ஃபைலில் கோத்தபடி இருக்க வேண்டும். சின்னச் சின்னத் துண்டுச்சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் 10 ஃபாரத்துக்குப் பத்துச் சீட்டு: வரிசை எண், மார்க். அந்தப் பத்தையும் மேசைமேல் அடுக்கி, இருப்பதிலேயே மார்க் குறைந்த சீட்டைக் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு 11-வது ஃபாரம். அதை மற்ற ஒன்பது சீட்டோடும் ஒப்பிட வேண்டாம். கைப்பக்கத்துச் சீட்டோடு மட்டும் பார்த்தால் போதும். அதைவிடக் குறைவா, சமமா? அடுத்த ஃபாரத்துக்குப் போ. அதிகமா? கைப்பக்கத்துச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுச்சீட்டை அதற்குரிய இடத்தில் சொருகு. இப்போது யார் கடைசியோ அவர் கைப்பக்கம் வருவார். கட்டு முடிகிறபோது மேசைமேல் இருக்கிற பத்துதான் நமக்கு வேண்டிய பத்து.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும். ஃபைல் அப்படியே இருக்கும். ஃபாரத்தைத் தொடாததில் ஒரு லாபம் உண்டு. பெற்றவர்கள் கேட்டுக்கு வந்து “மேடம், என் பையன் நம்பர் 127” என்றால் ஒரே நிமிடத்தில் எடுத்துக் காட்டலாம்.

‘இந்தக் காலத்தில் துண்டுச்சீட்டா? எக்செல் இல்லையா?’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு அலுவலகத்தில் ஒருவர் எக்செல்லில்தான் போட்டார். மார்க் இருந்த காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் கொடுத்துவிட்டார். மார்க்குகள் எல்லாம் ஜம்மென்று மேலிருந்து கீழாக இறங்கி நின்றன. பெயர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன! யார் மார்க் யாருக்கோ போய்விட்டது. அதோடு சேவ் வேறு செய்தாயிற்று. முதல் இடத்தில் வந்த பையனின் மார்க் ஷீட் ஜெராக்ஸைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அன்றிலிருந்து பெரியவரின் ‘ஃபைலைத் தொடாதே’ எங்கள் செக்‌ஷனில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் நான் சீட்டு முறையைத்தான் வைத்திருந்தேன்.

போன வருடம் ஆடிட் வேலையும் அதே வாரத்தில் வந்து சேர்ந்ததால், வரிசை எண்ணையும் மார்க்கையும் மட்டும் ஒரு நோட்டில் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போனேன். பெயர் எதுவும் இல்லை; பிறர் வீட்டுப் பிள்ளைகள் விவரம் நம் வீட்டு டைனிங் டேபிளுக்கு வரக்கூடாது. வீடு பொன்னேரி. லோக்கல் ரயிலில் கவரைப்பேட்டையைத் தாண்டினால் அடுத்தது எங்கள் ஸ்டேஷன்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் சீட்டு போட்டுக்கொண்டிருக்க, மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங், இரண்டாம் வருடம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள். அவள் பேசாமல் இருப்பதே அதிசயம்.

“அம்மா, இது என்ன பண்றேன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாமயா பதினெட்டு வருஷமா பண்றேன்?”

“இல்லம்மா. இதுக்குப் பேரே இருக்கு. சி ப்ளஸ் ப்ளஸ்ல ஒரு ஃபங்ஷன். பார்ஷியல் சார்ட் காப்பி.”

பேரைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் பிரித்துச் சொன்னாள். சார்ட் என்றால் வரிசைப்படுத்துவது. பார்ஷியல் என்றால் முழுவதும் இல்லை, தேவைப்பட்ட அளவுக்கு மட்டும். காப்பி என்றால் மூலத்தைத் தொடாமல் வேறிடத்தில் எடுத்து வைப்பது. ஃபாரம் ஃபைலிலேயே இருக்கட்டும், சீட்டு மட்டும் மேசைக்கு வரட்டும் என்று பெரியவர் சொன்னதை மூன்று வார்த்தையில் அடக்கிவிட்டார்கள்.

சி ப்ளஸ் ப்ளஸ் என்பது பெல் லேப்ஸில் 1979-ல் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்த கணினி மொழி. அந்த மொழியோடு ஒரு லைப்ரரி வருகிறது. புத்தக நூலகம் இல்லை. அடிக்கடி தேவைப்படுகிற வேலைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிற பெட்டகம். தேடுவது, எண்ணுவது, அடுக்குவது எல்லாம் அதில் தயாராக இருக்கும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்து செய்துவிட்டுப் போகும். மாஸ்கோவில் பிறந்த அலெக்ஸாண்டர் ஸ்டெபனோவ் என்பவரும் மெங் லீ என்ற பெண்மணியும் ஹியூலெட் பேக்கர்டில் இருந்தபோது செய்த வேலை இது. 1994-ல் அதை மொழியின் வரைவுத் தரத்தில் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். 1998-ல் முதல் தரமே வெளியானது. எளாவூர்ப் பெரியவர் அதற்கும் முன்பே டைம் ஆபீஸில் சீட்டு போட்டுக்கொண்டிருந்தார் என்பதை மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

ஆனால் கணினி என் மாதிரி பத்துச் சீட்டையும் நேர்வரிசையில் வைத்துக்கொள்வதில்லையாம். ‘ஹீப்’ என்ற அடுக்கில் வைக்கும். குவியல் என்று அர்த்தம். 1964-ல் வில்லியம்ஸ் என்பவர் எழுதியது. நம் வீட்டு வம்சாவளிப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு சீட்டு. அதன் கீழே இரண்டு. அந்த இரண்டுக்கும் கீழே இரண்டிரண்டாக நாலு. மிச்சம் மூன்று அடிமட்டத்தில். விதி ஒன்றே ஒன்று: மேலே இருக்கிற சீட்டின் மார்க், தன் கீழே இருக்கிற சீட்டுகளின் மார்க்கைவிட அதிகமாக இருக்கக்கூடாது. பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகள் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். இப்படி வைத்தால் பத்துப் பேரில் மார்க் குறைந்தவர்தான் எப்போதும் உச்சியில் இருப்பார். புதிதாக வருகிறவர் அவரோடு மட்டும் மோதினால் போதும். ஜெயித்தால் அந்த இடத்தில் உட்கார்ந்து, கீழே இருப்பவர்களோடு ஒப்பிட்டுத் தன் இடத்துக்கு இறங்குவார். பத்துச் சீட்டுக்கு அதிகபட்சம் மூன்று படிதான் இறங்க வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பத்தை மட்டும் ஒழுங்காக வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும்.

“அப்போ நல்லவங்க பத்துப் பேர்ல மோசமானவன் தலைவனா?” என்றேன்.

“தலைவன் இல்லம்மா, வாட்ச்மேன்” என்றாள்.

லேப்டாப்பைத் திறந்து, நோட்டைப் பார்த்து 340 எண்களையும் நான் வாசிக்க வாசிக்க அடித்தாள். அதற்கே ஒரு மணி நேரம். ஃபங்ஷனுக்கு ஒரே வரி. என்டரைத் தட்டினாள். பத்து எண்கள் வந்தன. முதல் எண் 214!

600-க்கு 214. அடுத்தது 219. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் அந்த ஃபங்ஷன் சின்ன எண்ணை முதலில் வைக்குமாம். பெரியது முதலில் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமாம். அவள் “அய்யய்யோ” என்று மாற்றப் போனாள். “இரு, இரு” என்றேன். அந்தக் கடைசிப் பத்து எண்களை நான் ஒரு வருடமும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. 214 வாங்கிய பிள்ளையும் ஜெராக்ஸ் எடுத்து, வருமானச் சான்றிதழ் வாங்கி, வெயிலில் வந்து ஃபாரம் கொடுத்திருக்கிறது. கிடைக்காது என்று அதற்குத் தெரியாதா? தெரிந்தும் வந்திருக்கிறது. மறுநாள் ஃபைலில் அந்த வரிசை எண்ணைப் பார்த்தேன். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. வேறெதுவும் இங்கே எழுதுவது முறையாகாது.

சரி, கதைக்கு வருகிறேன். மகள் வரிசையை மாற்றிப் போட்டாள். 583, 579 என்று இறங்கி, பத்தாவதாக 561 வந்தது. என் சீட்டுகளில் வந்த பத்து மார்க்குகளும் அவையேதான். எனக்குக் காலையிலிருந்து ஆன வேலை, அவளுக்குக் கண்மூடித் திறப்பதற்குள்!

அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எத்தனை தடவை உச்சிச் சீட்டு மாறியது என்று எண்ணவும் ஏற்பாடு செய்தாள். ஃபாரங்கள் குலுக்கிப்போட்ட மாதிரி எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்திருந்தால் சுமார் 35 தடவைதான் மாற வேண்டுமாம். அதாவது முதல் பத்துக்குப் பிறகு வருகிற 330 பேரில் 295 பேர் ஒரே ஒப்பீட்டில் ஒதுங்கிவிடுவார்கள். மொத்தத்தையும் முழுசாக வரிசைப்படுத்த 2,400 ஒப்பீடாவது தேவை. இந்த வழியில் ஏறக்குறைய 600 போதும். எங்கள் கட்டில் 41 தடவை மாறியிருந்தது. “ஏன் கூட வருது?” என்று அவள் யோசித்தாள். எனக்குக் காரணம் தோன்றியது. நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் கலந்தாய்வு, பாரா மெடிக்கல், கலைக்கல்லூரி என்று நாலு இடம் அலைந்துவிட்டு எங்களிடம் கடைசி வாரத்தில்தான் வருவார்கள். ஏறுவரிசையில் வந்தால் உச்சிச் சீட்டு ஓயாமல் மாறத்தானே செய்யும்?

இப்படி எல்லாம் பொருந்தி வந்த சந்தோஷத்தில், என் சீட்டையும் அவள் திரையையும் எண் எண்ணாக ஒத்துப் பார்த்தேன். ஒன்பது வரி சரி. பத்தாவது வரியில் இடித்தது. மார்க் இரண்டிலும் 561. ஆனால் என் சீட்டில் வரிசை எண் 88. அவள் திரையில் 203.

561 வாங்கியவர்கள் இரண்டு பேர்.

அவள் அசரவில்லை. 340 எண்களையும் தலைகீழாக, கடைசியிலிருந்து முதலுக்கு மாற்றிக் கொடுத்து மறுபடி ஓட்டினாள். இப்போது 88 வந்தது. 203 காணவில்லை. “சூப்பர்ம்மா! புத்தகத்துல போட்டிருக்கறது அப்படியே நடக்குது. சமமா இருக்கறவங்கள்ல யார் முன்னாடி வருவாங்கன்னு இந்த ஃபங்ஷன் உத்தரவாதம் குடுக்காது” என்றாள். ஹீப்புக்குள் இரண்டு 561-ம் இருக்கும். அப்போது 572 ஒன்று வந்தால் ஒருவர் வெளியேற வேண்டும். இரண்டு பேரில் யார் அந்த நேரத்தில் உச்சியில் இருக்கிறாரோ அவர் போவார். ஏன் அவர் உச்சியில் இருந்தார் என்று கேட்டால், இறங்கி ஏறிய வழியில் அப்படி அமைந்தது, அவ்வளவுதான். முழுப் பட்டியலையும் வரிசைப்படுத்துகிற ஃபங்ஷன்களில், சமமானவர்களை வந்த வரிசையிலேயே வைத்திருக்கும் ஒன்று தனியாக உண்டு. இந்தப் ‘பாதி வரிசை’ வகையில் அப்படி ஒன்றை அந்த லைப்ரரி தரவில்லை.

அவளுக்கு அது பாடம். எனக்கோ ஒரு கல்லூரிக் கட்டணம். இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்குப் போகும். இன்னொரு வீட்டுக்குப் போகாது.

என் சீட்டில் ஏன் 88 நின்றது? பெரியவர் முறையில் இதற்கும் ஒரு விதி உண்டு. “சமம்னா உள்ள இருக்கறவன் இருக்கட்டும், பின்னாடி வந்தவன் போவட்டும்.” முதலில் வந்தவருக்கு முதல் மரியாதை. ரேஷன் கடையிலிருந்து ரயில் டிக்கெட் வரை நமக்குப் பழகிய நியாயம். ஆனால் அன்று ராத்திரி அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் ஆலையில் முதல் நாளே ஃபாரம் கொடுப்பது யார்? அப்பா இங்கேயே வேலை செய்கிற பிள்ளை. நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றே அப்பா பார்த்துவிடுவார். ஷிப்ட் முடிந்து போகும்போது ஃபாரம் வாங்கிப் போவார். பழவேற்காடு பக்கத்து மீனவக் குப்பத்துப் பிள்ளைக்கு, பள்ளி ஆசிரியர் சொல்லி, பொன்னேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ரயில், பிறகு ஷேர் ஆட்டோ என்று வந்து சேரவே பத்து நாள் ஆகும். முதலில் வந்ததில் அந்தப் பிள்ளையின் திறமை எங்கே இருக்கிறது?

மறுநாள் ஃபைலைப் பிரித்தபோது நான் நினைத்ததுதான். 88 ஒரு பெண். அப்பா எங்கள் ஆலையில் கான்ட்ராக்டில் லோடிங் வேலை, ஒடிசாவிலிருந்து வந்தவர். பெண் இங்கே அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்திருக்கிறாள். 203 ஒரு பையன். பழவேற்காடு பக்கம். பாட்டியோடு இருக்கிறான்.

முன்பெல்லாம் இந்தச் சிக்கல் அபூர்வமாகத்தான் வரும். பிளஸ் டூ மொத்தம் 1,200 ஆக இருந்த காலம் அது. 2019 பொதுத்தேர்விலிருந்து மொத்தம் 600 ஆகிவிட்டது. ஏணியில் படிகள் பாதியாகக் குறைந்தால் ஒரே படியில் இரண்டு பேர் நிற்பது கூடத்தானே செய்யும்? மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. ரிசல்ட் அன்று டி.வி.யில் லட்டு ஊட்டுகிற காட்சி இல்லாமல் போனதில் சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. ஆனால் எங்களுக்குப் பத்துப் பேரைப் பிரித்தே ஆக வேண்டும். பணம் பத்துப் பேருக்குத்தானே இருக்கிறது!

மேனேஜரிடம் போனேன். “பதினொண்ணா கொடுத்துடலாமா சார்?” என்று கேட்டுப் பார்த்தேன். “பட்ஜெட் பத்து. பத்துன்னா பத்து. டாஸ் போடுங்கம்மா” என்றார், ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல். கமிட்டியைக் கூட்டச் சொல்லி ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மனிதர் தங்கமானவர்தான், நேரம்தான் இல்லை.

கமிட்டியில் நாலு பேர். யூனியன்காரர் முதலில் ஒரு யோசனை சொன்னார். “மார்க் பட்டியலே வேணாம். பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தர்னு முதல் ஆளை எடுத்துக்குவோம்.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பள்ளியில் இரண்டாவதாக வந்த பிள்ளை, இன்னொரு பள்ளியின் முதல் பிள்ளையைவிட மேலே இருக்கலாம். பொங்கல் கபடியில் வருடா வருடம் நடக்கிற சண்டை இது. முதல் சுற்றிலேயே கப் ஜெயிக்கப் போகிற டீமோடு மோதி வெளியேறிய ஊர்க்காரர்கள், ‘ரன்னர் ஷீல்டு எங்களுக்குத்தான் வந்திருக்கணும்’ என்று அடுத்த பொங்கல் வரை புலம்புவார்கள். புலம்பலில் நியாயம் உண்டு. ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ எழுதிய லூயிஸ் கரோல் கணக்கு வாத்தியார். டென்னிஸ் போட்டிகளில் இரண்டாம் பரிசு கொடுக்கிற முறை தப்பு என்று 1883-லேயே இதை எழுதியிருக்கிறார். 16 பேர் ஆடுகிற நாக்அவுட்டில், உண்மையிலேயே இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் ஃபைனலுக்கு வருகிற வாய்ப்பு 15-க்கு 8 தான். முதல்வர் யார் என்று சொல்ல நாக்அவுட் போதும். முதல் பத்தைப் பிரிக்க அது உதவாது. யூனியன்காரர் கபடி என்றதும் ஒப்புக்கொண்டார்.

அடுத்து, சமமானவர்களை எப்படிப் பிரிப்பது? பெயரையும் ஊரையும் நான் மேசைக்குக் கொண்டுவரவில்லை. 88, 203 என்று எண்ணை மட்டும் வைத்தேன். முதலில் விதி, பிறகு ஃபைல் என்று பிடிவாதமாக நின்றேன். ஆளைப் பார்த்த பிறகு விதி எழுதினால், எழுதுகிற விரலுக்குத் தானாக ஒரு பக்கம் சாயத் தோன்றும்.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் என்ன செய்கிறார்கள் என்று மகளிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்கு கட்ஆஃப். அது சமமானால் முதலில் கணக்கு மார்க், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். பிறந்த தேதியும் பார்ப்பார்கள். வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. எதிலும் பிரியவில்லை என்றால் கடைசியில் ரேண்டம் எண். விண்ணப்பித்த எல்லாருக்கும் தரவரிசைக்கு முன்பே கணினி ஓர் எண்ணைக் குலுக்கிக் கொடுத்துவிடுகிறது. இது நமக்குப் புதிதா என்ன? உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் எழுதி வைத்திருக்கிறார்களே! வயது, நிலம், சொந்த மனை, படிப்பு என்று தகுதி பார்த்துச் சலித்த பிறகு, மிஞ்சியவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை. முதலில் தகுதி, அப்புறம்தான் குடம்.

எங்களுக்குப் பாட மார்க் பயன்படாது. ஒருவர் காமர்ஸ், ஒருவர் சயின்ஸ் என்று கலந்து வருகிறார்கள். அதனால் முதல் விதி: குடும்பத்தில் முதல் பட்டதாரியா? இரண்டாவது: குடும்ப வருமானம் குறைவு யாருக்கு? மூன்றாவதில்தான் வாக்குவாதம். நான் குடம் என்றேன். பிறந்த தேதி முந்தியவருக்கு என்ன பெருமை, பிந்தியவருக்கு என்ன குறை? குலுக்கல் என்றால் ‘உங்கள் இருவரையும் எங்களால் பிரிக்க முடியவில்லை’ என்று வெளிப்படையாகச் சொன்னதாகவாவது ஆகும். யூனியன்காரரும் என் பக்கம். அக்கவுண்ட்ஸ் சார் சம்மதிக்கவில்லை. “குடத்துல கை விட்டோம்னு ஆடிட்டர்கிட்ட எப்படிம்மா எழுதறது? பிறந்த தேதின்னா சர்ட்டிபிகேட் இருக்கு.” மேனேஜர் அவர் பக்கம் சாய்ந்தார். பிறந்த தேதி என்று முடிவாயிற்று. நான் கையெழுத்துப் போட்டேன். இப்போதும் எனக்குக் குடம்தான் பிடிக்கும்.

ஃபைலைப் பிரித்தோம். முதல் பட்டதாரியா? இருவருமே. வருமானம்? இரண்டு சான்றிதழிலும் 72,000. (சிரிக்காதீர்கள். எங்களுக்கு வருகிற சான்றிதழ்களில் பாதிக்கு மேல் அந்த ஒரே தொகைதான் இருக்கும். ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.) பிறந்த தேதியில் அந்தப் பெண் 19 நாள் மூத்தவள்.

19 நாள்.

மகள் அன்று இரவே மூன்று விதிகளையும் ஒப்பிடுகிற பகுதியில் எழுதிச் சேர்த்தாள். மார்க் சமமானால் முதல் பட்டதாரி, அதுவும் சமமானால் வருமானம், பிறகு தேதி. இப்போது பட்டியலை நேராகக் கொடுத்தாலும் தலைகீழாகக் கொடுத்தாலும் 88 தான் வந்தது. “இப்போ ஃபங்ஷனுக்குக் குழப்பமே இல்லம்மா” என்றாள். அதற்கு முன்பும் அதற்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. யார் வேண்டும் என்று நாம் முழுசாகச் சொல்லவில்லை, அது கையில் அகப்பட்டவரைக் கொடுத்தது. டிப்ளமோ படிக்கிற பிள்ளைகளுக்கான இன்னோர் உதவிக்கும் அவளே போட்டுக்கொடுத்தாள். அதற்கு இடம் 10, வந்த விண்ணப்பம் 7. எனக்கு உள்ளூரப் பயம், மிச்ச மூன்று இடத்தில் எதையாவது இட்டு நிரப்பிவிடுமோ என்று. இல்லை. ஏழோடு நிறுத்தி, எந்த இடம்வரை நிரப்பினேன் என்றும் சொன்னது. நல்ல பிள்ளை.

ஒவ்வொரு வருடமும் பட்டியல் ஒட்டிய பிறகு பெற்றவர்கள் என் ஜன்னலுக்கு வருவார்கள். “எங்க புள்ள எத்தனாவது மேடம்?” நூறாவதா, இருநூறாவதா என்று தெரிந்தாலாவது மனசு ஆறும் என்று நினைப்பார்கள் போல. முன்பு ‘அதெல்லாம் சொல்லக்கூடாது’ என்று அனுப்பிவிடுவோம். போன வருடம் லேப்டாப்பில் பார்த்ததைச் சொன்னேன்: “நாங்க பத்துப் பேரைத்தான் எடுத்தோம். மத்தவங்களை வரிசைப்படுத்தவே இல்லங்க. உங்க பொண்ணுக்கு நம்பரே போடல.” ஓர் அம்மா நம்பவில்லை. ஃபைலைத் திறந்து காட்டினேன். வந்த வரிசையிலேயே, 1 முதல் 340 வரை, எந்தக் குறியும் இல்லாமல் இருந்தது. தன் பெண்ணின் ஃபாரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

203-க்கு மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அவன் பத்தாவது ஆளுக்குச் சமம் என்று எங்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வரட்டும் என்று காத்திருக்க மனம் வரவில்லை. ஃபாரத்தில் இருந்த எண்ணுக்கு நானே பேசினேன். பாட்டி எடுத்தார், காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவன் வந்தான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். 561, இரண்டு பேர், மூன்று விதி, 19 நாள். குறுக்கே பேசாமல் கேட்டான்.

“அவங்க என்னைவிட 19 நாள் பெரியவங்களா மேடம்?”

“ஆமாம்ப்பா.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. கட்டணத்துக்கு என்ன செய்வான் என்று கேட்டேன். முதல் பட்டதாரி சலுகைக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், மிச்சத்துக்கு மாமா படகில் ஏறப்போவதாகவும் சொன்னான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கிற இரண்டு திட்டங்களைப் பற்றிச் சொல்லி, எங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டான்.

“மேடம், தங்கச்சி இப்போ பிளஸ் டூ. அடுத்த வருஷம் அவ போடுவா. முதல் நாளே வந்து குடுக்கணுமா?”

“வேணாம்ப்பா. அந்த விதியை எடுத்துட்டோம்.”

“கடைசி நாள் குடுத்தாலும் ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான்” என்றேன்.